முக்காலே மூணு வீசத்தார்

மூன்று வரை எண்ண வராத ஏலக்காரர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரும் அவிநாசியில் எங்கள் வீதியில்தான் குடியிருந்தார்.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது தபால்காரருக்கே தெரியாது. மாட்டுப் பண்ணைகளையும் பண்ணைச் சாமான்களையும் ஏலம் விட்டுக் கொடுப்பது அவர் தொழில். மற்ற ஏலக்காரர்கள் 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்று ஒரே மூச்சில் முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். இவரும் இரண்டு வரை ஒழுங்காகத்தான் வருவார். அப்புறம் 'ரெண்டே கால் தரம்' என்பார். ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு, 'ரெண்டரைத் தரம்'. கூட்டத்தில் தெரிந்த முகம் இருந்தால் மகள் கல்யாணத்தை விசாரித்துவிட்டு, 'ரெண்டே முக்கால்'. கடைசியில் 'ரெண்டே முக்காலே மூணு வீசம்' என்று வந்து நின்றுகொள்வார். மூன்றுக்கு இன்னும் ஒரே ஒரு வீசம், பதினாறில் ஒரு பங்குதான் பாக்கி. அதைத் தாண்டுவதற்குள் மாடு கன்று போட்டுவிடும். அதனால் ஊரில் அவருக்கு முக்காலே மூணு வீசத்தார் என்றே பெயர்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன்.

"விக்கறவங்க மொகத்தப் பாத்துப்போட்டுத்தானுங்க மூணு சொல்லோணும். சொல்லிப்போட்டா அப்பறம் திருப்பி எடுக்க முடியுங்களா?" என்றார்.

ஏலத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பஸ் ஏறும்போதும் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று யோசிப்பார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நிற்பார். தன் கல்யாணத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு, பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாராம். கெட்டிமேளம் அடித்தவருக்குக் கை ஓய்ந்துவிட்டது என்பார்கள். அவர் மனைவியிடம் கேட்டால், "அந்த மூணாவது முடிச்சு இன்னும் லூசாத்தானுங்க இருக்குது" என்று சிரிப்பார்.

எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரம்தான் சரசக்காவின் பண்ணை ஏலத்துக்கு வந்தது.

சரசக்காவுக்குக் கணவர் இல்லை. ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். எட்டுக் கறவை மாடுகளும், பால் கறக்கும் மெஷினும், புல் வெட்டும் மெஷினும் அவன் சம்பளத்தில் வாங்கியவை. அந்த மாதத்தோடு வேலையை முடித்துக்கொண்டு வந்து பண்ணையைப் பார்ப்பதாக இருந்தான். சண்டை வந்ததும் யாரும் ஊருக்குப் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். "மாட்ட மட்டும் வித்துப்போடாதீங்கம்மா" என்று சொன்னதோடு சரி, அப்புறம் போன் வரவில்லை. அக்காவோ முழங்கால் வலிக்காரி. சாணி அள்ள ஆள் கிடையாது. டிவியில் குண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார்? விற்றுவிடத் துணிந்துவிட்டார்.

"சீக்கிரம் முடிச்சுப்போடுங்கண்ணா. இழுத்தீங்கன்னா என்ற மனசு மாறிப்போகும்" என்றார் ஏலக்காரரிடம். இதை யாரிடம் சொல்கிறோம் என்று அக்கா கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

புல் வெட்டும் மெஷின் மேல் எனக்கு ஒரு கண். அதனால் நானும் போய் நின்றேன். மாடும் மெஷினும் சேர்த்து ஒரே ஏலம் என்றார்கள். என் ஆசையில் மண் விழுந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் லாரியோடு வந்து, யாரும் தாண்ட முடியாத விலையைக் கேட்டுவிட்டார்.

ஏலக்காரர் ஒவ்வொரு மாடாகப் பெருமை பேசினார். "இந்த அம்மணிக்குக் கொஞ்சம் கோவம் வருமுங்க. ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசினாச் சரியாப்போயிரும்." பிறகு கால், அரை, முக்கால் என்று நகர்ந்து மூணு வீசத்துக்கு வந்தபோது மில் சங்கு அலறியது. குண்டு போட்டால் எப்படித் தப்பிப்பது என்று அன்றைக்கு ஊரெல்லாம் ஒத்திகை. கூட்டம் மொத்தமும் மாட்டுத் தொட்டிக்கு அடியில் புகப் பார்த்தது. மாடுகள் மட்டும் அசை போட்டுக்கொண்டு நின்றன.

சங்கு ஓய்ந்ததும் அவர், "ஒரு தரம்" என்று ஆரம்பித்தார்.

பொள்ளாச்சிக்காரர் வேட்டியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டே, "ஏனுங்க, மூணு வீசத்துலதானுங்களே நின்னீங்க?" என்றார்.

"சங்கு ஊதிப்போட்டா மொதல்ல இருந்துதானுங்க. அதுதானுங்க மொறை."

அப்படி ஒரு முறை அன்றைக்குத்தான் பிறந்தது. மறுபடி கால், அரை, முக்கால். வெயில் ஏறியது. லாரி டிரைவர் தூங்கியே போனார். "மூணச் சொல்லித் தொலைங்க" என்று நானே கத்தினேன். ஏலக்காரர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் கண் அக்காவின் முகத்திலேயே இருந்தது. "ரெண்டே முக்காலே மூணு வீசம்" என்றார். அப்போதுதான் அக்காவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

அக்கா போனை எடுத்துக் காதில் வைத்தார். ஸ்பீக்கர் தானாக ஆனாகிவிட்டதோ என்னவோ, மகனின் குரல் எங்களுக்கும் கேட்டது. "சண்டைய நிறுத்திப்போட்டாங்கம்மா. நான் வாரேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்கண்ணா, அந்த ஒரு வீசம் இன்னும் மிச்சம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"பத்திரமா இருக்குதுங்க அம்மணி" என்றார் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பொள்ளாச்சிக்காரர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் கோபம் கூடுவதற்குள் அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டார்.

போன வருடம் ஏலக்காரரின் மகள் வந்து அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போனாள். வீதியே காருக்கு முன்னால் நின்றது. "வாரேனுங்க" என்று ஒரு தரம் சொன்னார். கண்ணாடியை இறக்கி இன்னொரு தரம் சொன்னார். அப்புறம் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், கார் கிளம்பிவிட்டது.

மூன்றாம் தரம் அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வீசத்தை நம்பித்தான் நான் இன்னமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.