இஸ்டோர் அடுப்பில் நான் உருக்கிய தங்கம்

நான் அவசரக்காரி. எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். அதற்குப் பிறகும் எதற்கும் காத்திருந்ததில்லை. (எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள், சிரித்துச் சிரித்துப் பாதியை விட்டுவிடுகிறாள்.)

கல்யாணமான புதிது. லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டம். வீட்டுக்காரருக்கு இஸ்டோரில், அதாவது தேயிலை காயவைக்கும் ஆலையில், அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை. எனக்கு மலையில் கொழுந்து பறிக்கும் வேலை. அப்போது மேல்மலையில் ரோட்டுக்காகப் பாறைக்கு வெடி வைத்திருந்தார்கள். சிதறிக் கிடந்த கல் ஒன்றில் கால் இடறியது. குனிந்து பார்த்தால், கல்லுக்குள் மஞ்சளாகப் பளபளவென்று சின்னச் சின்னக் கட்டம். என் மூக்கில் அப்போது ஈர்க்குச்சிதான் செருகியிருந்தது. நாத்தனார் மூக்கிலோ எட்டுக்கல் பேசரி. யோசிப்பேனா? ஏழெட்டுக் கல்லை மடியில் கட்டிக்கொண்டேன்.

தங்கம் எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். லிந்துலை ஆசாரி பழைய தோட்டை மண்குகை என்கிற சின்ன மண்கிண்ணத்தில் போட்டு, வெண்காரம் தூவி ஊதுவார். அழுக்கு மேலே மிதக்கும், தங்கம் அடியில் தங்கும். இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்? வீட்டு அடுப்பின் சூடு பத்தாது என்றும் நானே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் விறகெடுக்கப் போன நேரம், கல்லை ஒரு பழைய மண்சட்டியோடு இஸ்டோர் அடுப்புக்குள் தள்ளிவிட்டேன். விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். உள்ளே பட்பட்டென்று வெடித்தது. தங்கம் பிரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாற்றம் வந்தது. நூறு தீப்பெட்டியை ஒரே சமயத்தில் உரசியது போல.

அடுப்புக்குழாயில் எங்கோ விரிசல். புகை அதன் வழியாகக் காய்கிற தேயிலைக்குள் போயிருக்கிறது. தேயிலையோ பக்கத்தில் எது நாறினாலும் இழுத்துக்கொள்ளும். இஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, விறகோடு திரும்பிய என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"அடுப்புல என்னாடா போட்ட?"

"வெறகு மட்டுந்தாங்கய்யா."

"வெறகு இப்புடியா நாறும்? தூளு பூரா கெட்டுப்போச்சு."

துரையும் வந்துவிட்டார். ஒரு கோப்பை ஊற்றச் சொல்லி, ஒரு வாய் உறிஞ்சி, அப்படியே துப்பினார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீ நாளைக்கு வேலைக்கு வரவேணாம்" என்றார்.

வேலை போனால் குடியிருக்கத் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பிராவும் போகும். சட்டிபானையோடு எந்த ரோட்டில் நிற்பது? அவர் பாவம், கையில் விறகோடு முழித்துக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்துவிட்டேன்.

"தொரைங்களே, அவரு ஒன்னும் செய்யலீங்க. நாந்தாங்க போட்டேன்."

"என்ன போட்டது?"

"தங்கம் காச்சினேங்க."



"எங்கே? தங்கம் காட்டு" என்றார் துரை.

கொக்கிக் கம்பியால் சட்டியை இழுத்தார்கள். உள்ளே சிவப்பும் கறுப்புமாகக் கருகிய கட்டி. துரை கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீமேக்கர் ஐயா, துரை சிரித்தபடியால், தானும் சிரித்தார். கடைசியில் துரை தீர்ப்புச் சொன்னார்: புருஷன் வேலை இருக்கும், நான் இஸ்டோர்ப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கெட்ட தூளைக் கொழும்புக்கு அனுப்ப முடியாது. அந்த மாதம் லயத்து ஜனங்களுக்குப் பங்கு போட வேண்டும்.

அந்த மாதம் பூராவும் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க என்னால் நிம்மதியாகப் போக முடியவில்லை.

"வா மதினி, ஒன் தங்கத்தக் குடிச்சிட்டு எம்புருசன் ராப்பகலா ஏப்பம் விடுறாரு" என்பாள் நாத்தனார், பேசரியை ஆட்டிக்கொண்டு.

மிச்சமிருந்த ஒரு கல்லை ஆசாரியிடம் காட்டினேன். "இதுல கெந்தகமும் இரும்புந்தான் தாயி. கெந்தகத்த நீ எரிச்சிட்ட. இரும்பு வேணும்னா ஒங்க மலையில மரம் பூரா வெட்டி மொட்டையடிச்சிக் கரி போட்டு உருக்கணும்" என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் பதறிப்போய், "மலைய விட்டுரு புள்ள" என்றார்.

மூக்குத்தி வெகு காலம் கழித்துத்தான் வந்தது. ஆனால் இன்றைக்கும் என் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தால், ஒருத்தர் பாக்கியில்லாமல் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்கள். போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்க வந்த பையன், யார் சொல்லிக்கொடுத்தார்களோ, கோப்பையை வாங்கியதும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோனான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் நம் வீட்டுப் பிள்ளைதான் என்று.