ஷோபனாவின் பெட்டிக்கு நீங்கள் போட்ட கணக்கு

செஞ்சி,
ஞாயிறு மாலை.

மதிப்பிற்குரிய ஜோசப்ராஜ் சித்தப்பாவுக்கு,

மரியே வாழ்க. நைனா, அம்மா, நான் மூவரும் நலம். உங்களுக்காகவும் சித்திக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். இந்த வாரம் ஜெபத்தில் கொஞ்சம் கோபமும் கலந்துவிட்டது.

அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் வகுப்பறையை அட்டைப்பெட்டியில் செய்தேன். கூரையில் ஸ்கைலைட்டுக்கு ஓட்டை வெட்டி, பிளாஸ்டிக் தாள் ஒட்டி, வெளியே அடிக்கும் வெளிச்சத்தில் எத்தனை பங்கு உள்ளே இறங்குகிறது என்று அளக்க நைனாவின் போனை உள்ளே வைத்து, மாடியில் வெயிலில் விட்டுவிட்டுப் பூசைக்குப் போனேன். திரும்பி வந்தால் ஸ்கைலைட் முழுக்க அம்மா கூழ் வடகம் ஊற்றியிருக்கிறார்கள். "இன்னாடி மொறைக்கிற? ஷீட்டு போட்டு வெயில்ல வெச்சிருந்த, வடகத்துக்குத்தான்னு நெனச்சேன்" என்கிறார்கள். உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கூழ் இறங்கி அதுவும் நின்றுவிட்டது. அதனால்தான் கடிதம்.

அடுத்த தெரு ஷோபனாவும் இதையே செய்திருக்கிறாள். கூடவே அச்சடித்த இரண்டு தாள்கள்: மாதவாரியாக எவ்வளவு வெளிச்சம், வருடத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் மிச்சம். தாளின் அடியில், கட்டடங்களுக்கு வெளிச்சக் கணக்குப் போடும் உங்கள் ஆபீஸ் பெயர். கேட்டதற்கு, "உங்க சித்தப்பாதாண்டி போட்டு அனுப்பிச்சாரு. எவ்ளோ நல்லவரு, நீ சொன்னதே இல்ல" என்றாள். நான் என் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பியபோது நீங்கள் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினீர்கள்.

எனக்குப் பொறாமை இல்லை. அவள் எண்ணெய்க் காகிதம் ஒட்டியதால் வெளிச்சம் மூலை வரை சமமாகப் பரவுகிறது, என் பெட்டியில் ஒரே ஒரு பெஞ்சின் மேல் விழுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாரும் பார்க்காதபோது அவள் ஸ்கைலைட்டைக் கையால் பாதி மறைத்தேன். அப்போதும் அழகாகத்தான் இருந்தது.

விழுப்புரம் மாவட்டக் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெட்டிதான் போகும். வெள்ளிக்கிழமை முடிவு. ஆகவே ஜெயராணி டீச்சருக்குப் போன் செய்து, கணக்கு உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். தப்போ சரியோ, மாணவி தானே கண்டுபிடிப்பதுதான் அறிவியல்.

சித்திக்கு என் அன்பு முத்தங்கள். உங்களுக்கு வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொந்த அண்ணன் மகள்
ஜாஸ்மின்

பி.கு. (திங்கள் மாலை): கவரை ஒட்டுவதற்குள், கணக்கு நீங்கள் போட்டது என்று ஷோபனாவே இன்று டீச்சரிடம் சொல்லிவிட்டாள். டீச்சர் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. விழுப்புரத்துக்கு என் பெட்டிதான் போகிறது. எத்தனை யூனிட் மிச்சம் என்று நடுவர்கள் கட்டாயம் கேட்பார்களாம். சித்தப்பா, டீச்சருக்குப் போன் செய்ய வேண்டாம். அதே இரண்டு தாள்களை எனக்கும் அனுப்புங்கள். அடியில் ஆபீஸ் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளவும்.