தணிகாசலம் அடைப்பெடுத்த கதை

ஒரு காட்டில் மரங்கள் குறைந்து விளம்பரப் பலகைகள் அதிகமாகிவிட்டதால், அதை மாநகராட்சியாகத் தரம் உயர்த்தினார்கள். உயர்ந்தது வரி மட்டும்தான். காட்டை இருநூறு வார்டுகளாகப் பிரித்தார்கள். அதில் நாற்பத்தேழாவது வார்டு பள்ளத்தில் இருந்தது. மழை பெய்தால் மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பது வார்டுகளின் தண்ணீரும் அங்கேதான் வந்து தங்கும்.

அந்த வார்டின் கவுன்சிலர் கோதண்டம் என்ற எருமை. பதவியில் இருப்பவரை அது, இது என்பது மரியாதை இல்லை. ஆகவே இப்போதைக்கு அவர் என்றே சொல்கிறேன். வார்டின் ஒரே பெரிய சாக்கடை அத்திமரத்தடியில் அடைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. தேங்கிய தண்ணீரில் கழுத்தளவு படுத்துக்கொண்டுதான் அவர் மனு வாங்குவார். மனு நனைந்துவிடும். எழுத்து கலைந்துபோச்சே, வேறு எழுதிக் கொடுங்கள் என்று அன்பாகச் சொல்லி அனுப்புவார். அவர் முதுகில் எப்போதும் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கும். அதுதான் கட்சியின் வட்டச் செயலாளர்.

சாக்கடை ஓரத்து வளையில் தணிகாசலம் என்ற பெருச்சாளி, மனைவி பூங்காவனத்தோடும் ஆறு குட்டிகளோடும் குடியிருந்தது. போன ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய் டிரான்ஸ்ஃபார்மர் மேடையில் ஏற்றி, எட்டு நாள் எல்லாரும் நனைந்தபடியே கிடந்தார்கள். கடைக்குட்டிக்கு அன்றைக்குப் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. இன்னொரு மழையை அந்தக் குட்டி தாங்காது என்று தணிகாசலத்துக்குத் தெரியும். அடுத்த ஐப்பசிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தேர்தல் அறிவித்தார்கள். தணிகாசலம் சுயேச்சையாக நிற்பது என்று முடிவெடுத்தது.

வேட்புமனு பதினெட்டுப் பக்கம். அதைக் கொடுக்க மூன்று நாள் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அதில் ஒரு நாள், முன்னால் நின்ற மலைப்பாம்பின் வால் எங்கே முடிகிறது என்று தெரியாமலே வீணாகிவிட்டது. சின்னமாக மண்வெட்டி கேட்டது. தலையணை கிடைத்தது.

பிரச்சாரத்தின் முதல் நாள். டீக்கடை வைத்திருந்த கீரி, ஜெயித்தால் என்ன செய்வாய் என்று கேட்டது. அடைப்பை எடுப்பேன் என்றது தணிகாசலம். அடைப்பு எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமா என்று கீரி சிரித்தது. ஒரு பெருச்சாளியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? தணிகாசலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையில் இருந்த அத்தனை பேரையும் அத்திமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனது. சாக்கடைக்குள் இறங்கியது. எதையோ பல்லால் கடித்து இழுத்தது.

வெளியே வந்தது ஒரு பிளெக்ஸ் பேனர். 'என்னை வெற்றி பெறச் செய்த வாக்காளப் பெருமக்களுக்கு நன்றி' என்று அதில் கோதண்டம் இரண்டு குளம்புகளையும் கூப்பிக்கொண்டு நின்றார். தண்ணீர் மளமளவென்று வடிந்தது. சிலருக்குத் தங்கள் வீட்டுக்குப் படிக்கட்டு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. தணிகாசலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

அரசியலுக்குப் புதிது, பாவம். செய்வேன் என்று சொல்ல வேண்டியதைச் செய்து தொலைத்துவிட்டது.

காக்கா அதை அப்படியே செல்போனில் படம் பிடித்துத் தேர்தல் அதிகாரியிடம் புகார் கொடுத்தது. நடத்தை விதிகள் அமலில் இருந்த நேரம் அது. மயிலின் தோகை ஒரு கட்சிக் கொடியின் நிறத்தில் இருக்கிறது என்று அதற்குக்கூடச் சாக்குத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். அதிகாரியாக இருந்த தேவாங்கு, படத்தைப் பெரிய கண்களால் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தணிகாசலத்தை வரச் சொல்லியது. ஓடுகிற சாக்கடையைக் காட்டி வாக்காளர்களை மயக்கியது குற்றம் என்றது.

"ஐயா, சாக்கடை ஓடினா நல்லதுதானே?" என்று கேட்டது தணிகாசலம்.

"நல்லதுதாம்பா. தேர்தல் நேரத்துல நல்லது பண்ணக் கூடாது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பழையபடி அடைச்சுட்டு, போட்டோ எடுத்துக் குடு. இல்லேன்னா உன் மனு தள்ளுபடி."

தணிகாசலம் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பூங்காவனம் விஷயத்தைக் கேட்டாள்.

"ஏங்க, சாக்கடைதான் ஓடுதே. நமக்கு வேண்டியது அதானே? மனு போனா போகட்டும்."

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் நீங்களும் நானும் நிம்மதியாக எழுந்து போயிருக்கலாம். ஆனால் தணிகாசலம் அன்று காலையில்தான் முதல் மாலையைக் கழுத்தில் வாங்கியிருந்தது. அந்த மாலையை இன்னும் கழற்றவில்லை. ஜெயித்து வந்து ஒரே நாளில் எடுத்துவிடுகிறேன் என்று மனைவிக்குச் சத்தியம் செய்துவிட்டு அடைக்கப் போனது.

வேலையில் அது சுத்தம். கோதண்டத்தின் பேனரைத் திரும்ப உள்ளே திணித்தது. அதன்மேல் தேங்காய் மட்டை, களிமண், கருங்கல். போதாதென்று தலையணைச் சின்னம் போட்ட தன் பேனரையும் வைத்து மிதித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் நகரவில்லை. சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்க முட்டியளவு சாக்கடை. படிக்கட்டுகள் மறுபடி காணாமல் போயின.

இனி யாரும் நமக்கு ஓட்டுப் போடமாட்டார்கள் என்று தணிகாசலம் அழுதது. ஆனால் டீக்கடையில் கீரி, தண்ணீரில் நின்றபடி டீ ஆற்றிக்கொண்டே எல்லாருக்கும் விளக்கியது.

"கோதண்டம் அடைச்சதை யார் வேணா எடுக்கலாம். இவன் அடைச்சதை இவனைத் தவிர எவனாலயும் எடுக்க முடியாது. பேசாம இவனுக்கே போட்டுடுவோம்."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. தலையணை அமோக வெற்றி பெற்றது. கோதண்டத்துக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அப்படியென்றால் காக்கா யாருக்குப் போட்டது என்று கோதண்டம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. தோற்றதில் அதற்குப் பெரிய வருத்தம் இல்லை. படுக்கத் தண்ணீர் அப்படியே இருக்கிறது.

தணிகாசலம் மாலையோடு நேரே அத்திமரத்தடிக்குத்தான் போனார். (இனிமேல் அவர்தான்.) முதல் பிடி மண்ணை எடுத்தபோது முதுகில் ஏதோ கனத்தது. காக்கா வந்து உட்கார்ந்திருந்தது.

"தலைவரே, எல்லாத்தையும் எடுத்துட்டீங்கன்னா அடுத்த தடவை உங்களுக்கு எதுக்கு ஓட்டுப் போடுவாங்க?"

தணிகாசலம் அந்த ஒரு பிடி மண்ணோடு போட்டோ எடுத்துக்கொண்டார். முதற்கட்டப் பணி முடிந்தது என்று அறிவித்தார்கள்.

கவுன்சிலர் அலுவலகம் மேட்டில், ஒரு பாறைமேல் இருந்தது. குடும்பத்தைத் தற்காலிகமாக அங்கே கொண்டுபோய் வைத்தார். ஈரமில்லாத இடத்தில் நாலு நாள் தூங்கியதும் கடைக்குட்டியின் இருமல் நின்றுவிட்டது. அதை மட்டும் நான் கேலி செய்யமாட்டேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஐப்பசி பிறந்தது, மழை வந்தது. வாக்காளர்களுக்கு நன்றி சொல்லி அவர் கட்டியிருந்த புதுப் பேனர் காற்றில் அறுந்து, தண்ணீரோடு போய், அத்திமரத்தடியில் சிக்கிக்கொண்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் கண்ணயர்ந்த நேரத்தில் பூங்காவனம் ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"ஏங்க, நம்ம பழைய வளையில ஒரு எலிக் குடும்பம் குடி வந்திருக்கு. உள்ள தண்ணி போயிடுச்சு போல. குட்டிங்க கத்துற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

தணிகாசலம் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"மனு எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றார்.

நீதி: மேட்டில் குடியிருப்பவருக்கு ஓட்டுப் போட்டால் அவர் பள்ளத்துக்கு வரமாட்டார். பள்ளத்தில் குடியிருப்பவருக்குப் போட்டால் அவரும் மேட்டுக்குப் போய்விடுவார். ஆகவே வாக்காளர்கள் தவறாமல் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும்.