திருப்போரூர் மாலையும் பனிச்சரிவுப் பையும்

பனியை நான் நேரில் பார்த்ததே இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (ஃப்ரீசர் கதவைத் திறந்தால் சுவரில் அப்பிக்கொண்டிருக்குமே, அது கணக்கில் வராது.) ஆனால் என் வாழ்க்கையின் முதல் வேலையை நான் பறிகொடுத்தது பனிச்சரிவு சம்பந்தப்பட்ட விஷயத்தில்தான். அதுவும் மாமல்லபுரம் கடற்கரையில், மண்டையைப் பிளக்கும் வெயிலில்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அப்போது டெஸ்டிங் இன்ஜினியராக இருந்தேன். குளிர் நாடுகளில் பனிமலை மேல் ஸ்னோமொபைல் என்ற வண்டியைக் கூட்டம் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போவார்களாம். மலை மேலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து வந்தால் ஆள் அப்படியே புதைந்துபோவான். அதற்காக முதுகில் ஒரு பை. தோளில் மாட்டும் வாரில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் பைக்குள் இருக்கும் காற்று சிலிண்டர் திறந்து, ஆள் உயரத்துக்கு பலூன் உப்பும். பலூன் ஆளைப் பனிக்கு மேலேயே வைத்துக்கொள்ளும். எங்கள் கம்பெனி இதில் சேர்த்த புதுமை என்னவென்றால், ஒரு குழுவில் இருக்கும் எல்லாப் பைகளும் வயர்லெஸ்ஸில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சரிவைப் பார்த்த ஒருத்தர் இழுத்தால் போதும், பார்க்காதவர்களுடைய பலூனும் சேர்ந்து உப்பிவிடும்.

இதை அப்பாவிடம் விளக்கியபோது அவர் கேட்டார்:

"பனின்னா, மார்கழில மதுராந்தகம் ஏரி மேல இறங்கிகினு கீதே, அதுவா? அதுக்கா பலூனு?"

அப்பா குட்டியானை ஓட்டுபவர். (யானை இல்லை, சின்ன லோடு வண்டி.) எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதன்முதலில் வாங்கியவள் நான். ஆறு மாதம் தகுதிகாண் காலம் முடியப் போகிறது. அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து பை வாங்க இரண்டு பேர் வருகிறார்கள், டெமோ காட்ட வேண்டும், ஆர்டர் கிடைத்தால் எனக்கும் டெக்னீஷியன் ஸ்டீபனுக்கும் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அப்பா அது நிரந்தரம் ஆகிவிட்டதாகவே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தார்.

பனி இல்லாத ஊரில் டெமோ எப்படி? மணலில்தான். சுற்றுலாக்காரர்கள் ஓட்டும் மணல் பைக் இரண்டை வாடகைக்குப் பேசினோம். பை நாலுதான் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சிலிண்டர். ஒரு தடவை திறந்தால் அது காலி. வேறு சிலிண்டர் வேண்டுமென்றால் கப்பலில்தான் வரவேண்டும். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பைகளை ஏற்றிப் போக அப்பாவின் வண்டியையே சிபாரிசு செய்தேன். (என் முதல் தவறு.) டெமோ அன்று காலையில் நேராக மாமல்லபுரம் போகவேண்டிய வண்டி திருப்போரூர் முருகன் கோயில் பக்கம் திரும்பியது.

"அப்பா, லேட் ஆயிடும்."

"இன்னா பாப்பா, புது சாமானு. பூஜ போடாமயா எடுத்துகினு போவ? இந்த வண்டிக்கு இங்கதான் போட்டேன். பன்னெண்டு வருசம், ஒரு கீறல் கீதா சொல்லு."

இடது பக்கக் கதவில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை, அது லாரிக்காரன் தப்பாம்.

கோயில் வாசலில் புது பைக்குகளுக்கும் கார்களுக்கும் நடுவே நாலு ஆரஞ்சுப் பைகளை வரிசையாக உட்காரவைத்தோம். குருக்கள் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யார் பேருக்கு அர்ச்சனை? நட்சத்திரம்?"

"கம்பெனி பேருக்கே பண்ணுங்க சாமி" என்றார் அப்பா. பைகளுக்குச் சந்தனமும் குங்குமமும் ஆனது. சாமந்தி மாலையை எங்கே மாட்டுவது என்று பார்த்தால், பையில் மாலை மாட்டத் தோதாக நீட்டிக்கொண்டிருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கைப்பிடி. அது வழக்கமாக ஜிப் போட்ட உறைக்குள் பத்திரமாக இருக்கும். நானே ஜிப்பைத் திறந்து, நாலு கைப்பிடிகளையும் வெளியே எடுத்துவிட்டேன்.

அதோடு நின்றிருந்தாலும் பிழைத்திருப்பேன். அப்பா கேட்டார்: "வண்டிக்குப் பூஜ போட்டா ஸ்டார்ட் பண்ணி எலுமிச்சங்கா மேல ஏத்தறோமா இல்லியா? இதையும் ஆன் பண்ணு. செத்த சாமானுக்கா பூஜ போடுவாங்க?"

நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்த என் மூளைக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆன் செய்தேன். நாலு பையிலும் பச்சை விளக்கு எரிந்தது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூஜை முடிந்து நான் அணைக்கப் போனபோது, "பூஜ போட்ட கையோட அணைக்கக் கூடாது, வேல முடியட்டும், மாலையும் அப்டியே கீட்டும்" என்று தடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு பெருமை. சரி என்றுவிட்டேன்.

கடற்கரையில் புதுப்பட்டினத்திலிருந்து வந்து காத்திருந்த ஸ்டீபன் பைகளைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான்.

"இன்னா பவானி இது? பை கொண்டாரச் சொன்னா கல்யாணப் பொண்ணக் கூட்டிகினு வந்துகீற! ஐயோ, ஆன்ல வேற கீது. மொதல்ல ஆஃப் பண்ணு."

"டெமோ முடியட்டும் ஸ்டீபன், எங்கப்பா வருத்தப்படுவார்."

"பேஜாரு புடிச்ச வேல" என்று முனகிக்கொண்டே தன் பையிலிருந்த மாலையை மட்டும் கழற்றிவிட்டு, ஒத்திகை பார்க்க மணல் பைக்கில் கிளம்பினான். மேனேஜர் ஒரு பையை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு வெயில் தாங்காமல், பையோடேயே ஏசி காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது பை என் முதுகில். நாலாவது, மாலையோடு, அப்பா வண்டியின் பின்பக்கத்தில்.

பை வாங்க வந்திருந்தவர்கள் ஒரு வயதான ஐயாவும் ஒரு அம்மாவும். மாலைகளைப் பார்த்து மகிழ்ந்து படம் எடுத்தார்கள். அந்த அம்மா, "இது தவறுதலாக உப்பிவிட வாய்ப்பு உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்தக் கேள்விக்கு ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பதில் மனப்பாடம் செய்திருந்தேன்.

"வாய்ப்பே இல்லை மேடம். ஒரு மனிதர் வேண்டுமென்றே பலமாக இழுத்தால் ஒழிய..."

அப்பா வண்டிக்குப் பின்னால் ஒரு ஆடு நின்றிருந்தது. அதன் வாயில் சாமந்தி.

நான் கத்துவதற்குள் அது தலையை ஒரு உலுக்கு உலுக்கியது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல! நாலு லாரி டயர் ஒரே நேரத்தில் வெடித்த மாதிரி. என் தலைக்குப் பின்னால் ஒரு ஆரஞ்சு மலை எழும்பி, என்னை அப்படியே அந்த அம்மா மேல் தள்ளியது. இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். காருக்குள் உப்பிய பலூன் மேனேஜரை ஸ்டியரிங்கோடு வைத்து அழுத்தியது. ஹாரன் நிற்காமல் அலறியது. கண்ணாடியில் அப்பியிருந்த அவருடைய ஒரு கன்னம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஸ்டீபன் மிரண்டுபோய் பைக்கை நேராகக் கடலுக்குள் விட்டான். பைக் அலையில் சாய்ந்து நின்றுவிட்டது. அவன் மிதந்தான். (அந்த வகையில் எங்கள் தயாரிப்பு ஆளை மேலேயே வைத்துக்கொள்ளும் என்பது நிரூபணம் ஆனது.)

ஆடு மட்டும் ஓடவில்லை. மாலையை முழுக்கத் தின்று முடித்துவிட்டுத்தான் போனது.

அந்த ஐயா மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நாலும் ஒரே நொடியில்! இணைப்பு பிரமாதம்" என்றார். எனக்கு ஒரு கணம் உயிர் வந்தது. "இன்னொரு முறை காட்டுங்கள், இந்தத் தடவை வண்டியில் போய்க்கொண்டே" என்றார். வந்த உயிர் போனது. காட்டச் சிலிண்டர் இல்லை. ஒரு ஆட்டால் முடிகிறதென்றால் மலையில் ஒரு மரக்கிளையால் முடியாதா, அப்போது கூட்டம் மொத்தமும் கவிழ்ந்துவிடாதா என்று அந்த அம்மா கேட்டார். கண்ணாடி முன்னால் அதை நான் படிக்கவில்லை.

மேனேஜரைக் காரிலிருந்து உருவி எடுத்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"யார் ஆன் பண்ணது? யார் மாலை போட்டது?"

அப்பா வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மாலையின் நார் மட்டும் கையில் இருந்தது. வாயைத் திறக்கப் போனார்.

"நான்தான் சார்" என்றேன்.

ஆர்டர் போயிற்று. அந்த வாரமே என் வேலையும் போயிற்று. ஆஃப் பண்ணச் சொன்ன ஸ்டீபனின் வேலையும் சேர்ந்து போயிற்று. அவன் இப்போது புதுப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் கம்பெனியில் இருக்கிறான். எங்களில் பனியைத் தினமும் பார்ப்பவன் அவன் ஒருவன்தான். எங்கே பார்த்தாலும் சொல்வான்: "இஸ்த்தது ஆடு, மாலய மாட்னது உங்கப்பா, போனது என் வேல." சிரித்துக்கொண்டேதான் சொல்வான். எனக்குத்தான் சிரிக்க வராது.

அன்றைக்கு அப்பாவின் வண்டியிலேயே திரும்பி வந்தோம். செங்கல்பட்டு வந்ததும் அவர், "எங்கப்பா சொல்லித்தான் பண்ணேன்னு சொல்லிருக்கலாம்ல பாப்பா" என்றார்.

"உங்களை அவங்க வேலையை விட்டு எடுக்க முடியாதேப்பா" என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பூஜை நடந்தாலும், அப்பா முதலில் வீடு முழுக்க ஒரு சுற்று வருவார். மிக்ஸி, மோட்டார், டிவி, எதையும் விடுவதில்லை. "எல்லாம் ஆஃப்ல கீதா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கற்பூரம் ஏற்றுவார். அக்கா பிள்ளைகள் பரீட்சைக்குப் போகும்போதுகூட அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

எனக்கு வேறு வேலை கிடைத்து, கல்யாணமும் நிச்சயமானது. மணமேடையில் மாப்பிள்ளை மாலையைத் தூக்கிக்கொண்டு என் கழுத்தை நோக்கி வந்தார். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"மாப்ள, இருங்க. எல்லாம் ஆஃப்ல கீதா?"

மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் ஸ்டீபன் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தான். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் மாலையோடு அப்படியே நின்றார்.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவேதான் கேட்டிருந்தார். என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஆஃப்லதாம்ப்பா கீது" என்றேன்.