முதுகு, மேல் அடுக்கு, நான்காவது புள்ளி

"அப்பா, அரிக்குது."

"எங்கே?"

"எங்கேன்னு கேட்டா எப்படிப்பா? எங்கே அரிக்கலைன்னு கேளு, சீக்கிரம் சொல்லிடறேன்."

அம்மை போட்டு ஆறாவது நாள். விடுப்பெல்லாம் தீர்ந்து, அம்மா அன்றைக்குத்தான் நூலக வேலைக்குத் திரும்பியிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "சொறிஞ்சா தழும்பு நின்னுடும். சாயங்காலம் வந்து பார்க்கும்போது அவ மூஞ்சியில ஒரு கீறல் இருக்கக் கூடாது, ஆமா."

அன்றைக்கு லீவு போட்டிருந்த அப்பா சிரித்தார். கண்ணாடிப் பாத்திரக் கம்பெனியில் அவர் பேக்கிங் சூப்பர்வைசர். பதினான்கு வருடத்தில் அவர் கட்டிய பெட்டியில் ஒரு டம்ளர்கூட விரிசல் கண்டதில்லை. ஏழு வயது மகள் என்ன, டம்ளரைவிடக் கஷ்டமா?

கஷ்டம்தான். டம்ளர் பேசாது.

முதலில் நகத்தை வெட்டினார். நகம் என்று ஒன்று இருந்ததற்கான ஆதாரத்தையே அழித்தார் என்று சொல்வது பொருத்தம். பட்டாணி (வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்) மொட்டை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவு நிலையில் சாய்ந்து, மரத்தில் உரசும் எருமையைப் போல மேலும் கீழும் போய்வந்தாள்.

"ஐயோ, என்ன பண்றே!"

"நகம் படலையேப்பா."

அவளை இழுத்து எதிரில் உட்காரவைத்தார். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கொப்புளம், பாதி காய்ந்தும் காயாமலும் நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். செருமிக்கொண்டார்.

"அப்பா, காலும் அரிக்குது" என்றாள் பட்டாணி உடனே.

பரணிலிருந்து பபிள் ஷீட் இறங்கியது. குமிழ் குமிழாகக் காற்றடைத்த அந்த பிளாஸ்டிக்கைக் கதவு நிலைக்கு ஒரு சுற்று, மகளுக்கு மூன்று சுற்று சுற்றினார். கைப்பழக்கத்தில் "இந்தப் பக்கம் மேலே" என்ற ஸ்டிக்கரையும் அவள் நெஞ்சில் ஒட்டிவிட்டார்.

பட்.

"என்னம்மா சத்தம்?"

பட். பட். "குமிழ் உடைக்கறேன்ப்பா. சூப்பரா இருக்கு."

பத்து நிமிடம் வீடு சொர்க்கமாக இருந்தது. அப்புறம் பார்சல் தன் சட்டையைத் தூக்கிக் குனிந்து பார்த்தது.

"அப்பா, என் வயித்துல இருக்கறதும் இதே மாதிரிதானே இருக்கு?"

கட்ட அரைமணி நேரம் ஆன பார்சல் எட்டு விநாடியில் பிரிந்தது.

அடுத்தது அரிப்புக்குத் தடவும் ரோஸ் நிற லோஷன்.

"இங்கேயா?"

"அதுக்குப் பக்கத்துல."

"இங்கே?"

"தாண்டிட்டேப்பா. திரும்பி வா."

தொழில் புத்தி விடுமா? ஓர் அட்டையில் அவள் முதுகை வரைந்து, கிடங்கைப் போல அடுக்கு பிரித்து, புள்ளிக்குப் புள்ளி எண் போட்டார்.

"முதுகு, மேல் அடுக்கு, நாலாவது. சரியா?"

"அது அஞ்சாவது. நடுவுல குட்டியா ஒண்ணு இருக்கே, எண்ணவே இல்லையே நீ."

மறுபடி முதலிலிருந்து. மதியத்துக்குள் சோபா, டி.வி. ரிமோட், அப்பாவின் இடது காது எல்லாம் ரோஸ் நிறம். இருப்பதிலேயே குறைவாக லோஷன் பட்டது பட்டாணிக்குத்தான்.

களைத்துப்போய் உட்கார்ந்து மகளையே பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. தூசு."

"மறுபடி அரிக்குதுப்பா. மொத்தமா."

மருந்துக்கடைக்காரருக்கு போன் போட்டார். "ஓட்ஸைப் பொடி பண்ணி ஒரு கைப்பிடி, வெதுவெதுப்பான தண்ணியில கலந்து குளிப்பாட்டுங்க சார்" என்றார் அவர். பேக்கிங்காரருக்குக் குறைத்துப் போட்டுப் பழக்கமில்லை. முழுப் பாக்கெட்டும், பொடிக்காமலே, தொட்டிக்குள் போனது. தண்ணீர் பசையானது. பசை சாக்கடைத் துளையை அடைத்தது. குளியலறையில் கொள்ளாத வெள்ளம் நிதானமாக ஹாலைப் பார்க்கப் புறப்பட்டது.

அம்மா வந்தபோது அவர் முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். புருவத்தில் ஓட்ஸ்.

அவள் ஈரத்தைத் தாண்டி வந்தாள். மகளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"பரவாயில்லையே! ஒரு கீறல்கூட இல்லையே."

அப்பா எழுந்து நின்றார். துடைக்கிற துணியைப் பொன்னாடை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, டீ போட சமையலறைக்குள் போனார்.

"ரொம்ப அரிச்சுதாடி செல்லம்?" என்று அம்மா கேட்டது அவர் காதில் விழுந்தது. பட்டாணி பெரிய மனுஷி மாதிரி பெருமூச்சு விட்டதும் விழுந்தது.

"எனக்கு அரிப்பு நேத்தே நின்னுடுச்சும்மா, சும்மா உட்கார விட்டா அப்பா என் மூஞ்சியப் பார்த்துப் பார்த்து அழப் போயிடறாரு, அதான் நாள் பூரா வேலை குடுத்துக்கிட்டே இருந்தேன், நாளைக்கு நீயே லீவு போட்டு அவரைப் பார்த்துக்க, என்னால முடியாது."