கஞ்சி போட்ட பாய்மரக் கப்பல்

கடலை நான் இதுவரை மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் கணுக்காலுக்கு மேல் நனையவில்லை. அப்படிப்பட்ட ஆசாமியான நான், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்றுக்கொண்டே, வீட்டு மாடியறையில் பாய்மரக் கப்பல் ஒன்றைக் கட்டினேன். முழுக்க மரத்தில், ஒன்றரை முழ நீளத்தில், மூன்று பாய்மரங்களோடு. (ஏன் என்று நீங்களாவது கேட்காதீர்கள். என் மனைவி கவிதா பதினாலு மாதம் அதைத்தான் கேட்டாள்.)

கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை. லாரி பாடி கட்டும் பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளை வாங்கி வந்து மெல்லிய பட்டைகளாகச் சீவ வேண்டும். அவற்றை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, வரிசையாக ஒட்ட வேண்டும். வெந்நீருக்கு அகலமான பாத்திரம் வேண்டுமென்று இட்லிக் குண்டானை எடுத்துக்கொண்டேன். அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டு இட்லியில் தேக்கு மணந்தது. கவிதா குண்டானைப் பிடுங்கிக்கொண்டு தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

“ஏனுங்க, எங்கண்ணன் புண்ணியார்ச்சனைக்கு இதைக் கொண்டுபோய் வைங்க. வந்த சனத்துல நாலு பேரு நல்லாருக்குதுன்னு சொன்னா, ஆயுசுக்கும் கப்பலே கட்டிக்குங்க. சொல்லலீன்னா மாடியறை எனக்கு. தையல் மிஷின் போடோணும்.”

புண்ணியார்ச்சனை என்றால் புதுமனை புகுவிழா. அவள் அண்ணன் செந்தில் நாமக்கல்லில் புது வீடு கட்டியிருந்தார். தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கப்பலில் பாய் மட்டும்தான் பாக்கி.

பாய் துணியாகத் தொங்கினால் கொடியில் காயும் பனியன் மாதிரி இருக்கும். காற்றடித்துப் புடைத்த மாதிரி விறைப்பாக நிற்க வேண்டும். வீடியோவில் வந்த வெள்ளைக்காரர் ஏதோ பசையைக் கரைத்துத் தடவினார். நான் அவரைவிட அறிவாளி. ஜலகண்டாபுரத்தில் தறி வைத்திருக்கும் நண்பரைக் கேட்டேன். “தறியில பாவு நூலுக்குப் போடறாப்பல கஞ்சி போடுங்க, அப்பளமாட்ட நிக்கும்” என்றார். அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு கை உப்பையும் அள்ளிப் போட்டு (இது என் சொந்தக் கண்டுபிடிப்பு), பாயையும் கயிற்று நூல்களையும் மூன்று முறை முக்கி எடுத்தேன். அப்பளமாகவேதான் நின்றன. அன்று நான் அடைந்த பெருமைக்கு அளவே இல்லை.

விழாவுக்கு முந்தின மாலையே போய், யாரிடமும் சொல்லாமல் கப்பலை வைத்துவிட்டேன். நிலவாசலுக்கு நேர் எதிரே, கூடத்தின் நடுவில், ஒரு ஸ்டூலின்மேல். முதலில் நுழைபவரின் கண்ணில் முதலில் அது பட வேண்டும் என்பது என் திட்டம்.

திட்டம் அப்படியே நிறைவேறியது. முதலில் நுழைந்தது மாடு.

புது வீட்டுக்குள் பசுவும் கன்றும் நுழைந்த பிறகுதான் மனிதர்கள் நுழைவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை விழாக்களில் முன்வரிசையில் நின்றிருக்கிறேன்! சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு மாட்டுத் தாழியில் ஊற்றியே வளர்ந்த கைதானே இது! கப்பல் கட்டுகிற புத்தி வந்ததும் மாடு வளர்த்த புத்தி கழன்றுவிட்டது போலிருக்கிறது.

அந்தப் பசு பக்கத்து வீட்டுப் பழனியப்பன் அண்ணனுடையது. பேர் லட்சுமி. மஞ்சள், குங்குமம், மாலை எல்லாமாக உள்ளே வந்தவள், ஸ்டூலருகே நின்று ஒரு தடவை முகர்ந்தாள். பிறகு பெரிய பாயைப் பூப்போல வாயில் வாங்கிக்கொண்டாள்.

நான் “ஏய்!” என்று கத்தியபடி கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தேன். மேளம் நின்றது. செந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை, என்னங்க இது! நல்ல நாளும் அதுவுமா மாட்டை வெரட்டறீங்க? திங்கட்டும் உடுங்க.”

“மச்சான், அது கப்பலுங்க!”

“எதா இருந்தா என்னுங்க? தானா வாய் வெச்சிருச்சு, தடுக்கப்படாது.”

பதினாலு மாத உழைப்பை லட்சுமி மூன்று நிமிடத்தில் முடித்தாள். நூலை இழுத்தபோது பாய்மரங்கள் சடசடவென்று முறிந்தன. சுற்றிலும் உறவினர்கள் கைகூப்பி நின்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, பெரியவர் ஒருவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கடைசியாக லட்சுமி வாலைத் தூக்கிக் கூடத்தின் நடுவில் சாணியும் போட்டாள். அதைவிட நல்ல சகுனம் கிடையாது என்று குலவைச் சத்தம் கூரையைத் தொட்டது.

அப்போதுதான் பழனியப்பன் அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

“அதுல ஆணி கீணி ஏதாச்சும் இருந்துச்சுங்களா?”

ஆணி இல்லை. மூங்கில் குச்சிகள்தான். ஆனால் உச்சியில் கொடிக்கம்பமாக ஒரு குண்டூசி வைத்திருந்தேன்.

சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஊசி உள்ளே போனால் மாடு பிழைப்பது கஷ்டம். அவர் வீட்டு அடுப்பு எரிவதே லட்சுமியின் பாலில்தான். கப்பல் போன துக்கமெல்லாம் ஒரு நொடியில் காணாமல் போனது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டேன். கோலத்தில் தேடினேன், உடைந்த மரத்துண்டுகளில் தேடினேன், நல்ல சகுனத்துக்குள்ளும் கைவிட்டுத் தேடினேன். விழாவுக்கு வந்த வீடியோக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படம் பிடித்தார்.

கவிதாதான் கண்டுபிடித்தாள். முறிந்த பாய்மர நுனி ஒன்று வாசல் வாழைமரத்தடியில் தெறித்துக் கிடந்தது. அதில் குண்டூசி, கொடியோடு, நேராக நின்றது. அப்படியும் பழனியப்பன் அண்ணன் நம்பவில்லை. ஊசி தைத்த மாடு அசை போடாதாம். லட்சுமி அசை போடும்வரை நானும் அவரும் தொழுவத்தில் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பந்தி முடிந்து, இலை எடுத்த பிறகுதான் அவள் தாடை அசைந்தது. அவர் “பொழச்சேன் சாமி” என்றார். நானும் அதையேதான் மனதுக்குள் சொன்னேன்.

கப்பல் நன்றாக இருந்ததென்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல அது இருந்தால்தானே! மாடியறைக்குத் தையல் மிஷின் வந்தது.

இதெல்லாம் நடந்து ஆறு வருடமாகிறது. இன்றும் எந்த உறவினர் வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்தினாலும், உள்ளேயிருந்து “மாப்பிள்ளை வாராரு, மாட்டைப் புடிச்சுக் கட்டுங்க” என்று குரல் வருகிறது. இதற்கிடையில் செந்திலுக்குத் தொழில் ஓகோவென்று போகிறது. லட்சுமி தின்ற கப்பல்தான் காரணமென்று உறவினர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

போன மாதம் பரமத்தியிலிருந்து கவிதாவின் சித்தப்பா பேசினார். தை மாதம் புண்ணியார்ச்சனையாம்.

“நம்ம ஊட்டுக்கும் ஒரு கப்பல் கட்டிக் குடுக்கோணுமுங்க மாப்பிள்ளை. கட்டையெல்லாம் எதுக்குங்க வீணா, மாடு திங்காது. பாய் மட்டும் நாலு சேர்த்து வெச்சுருங்க.”

ஒரு கப்பல்காரனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. போனை அப்படியே வைத்திருக்கலாம். ஆனால், என்னிடம் ஒருவர் கேட்டு வாங்கும் முதல் கப்பல் ஆயிற்றே! “எத்தனை மாடுங்க மாமா?” என்று கேட்டேன்.