ஃபிரான்சைஸ் பார்க்கப் போகிறவர்

மனிதர்களில் ஃபிரான்சைஸ் பார்க்கப் போகிறவர் என்று ஓர் இனம் உண்டு. எடுக்கிறவர் அல்ல, பார்க்கப் போகிறவர். பெண் பார்க்கப் போய், சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்" என்று எழுந்து வருகிற மாப்பிள்ளை வீட்டாரின் ரத்தம் இவர் உடம்பில் ஓடுகிறது. எங்காவது ஒரு கல்யாண மண்டபத்தில் 'உங்கள் ஊரிலேயே முதலாளி ஆகுங்கள்' என்று பேனர் கட்டி, டீக்கடைக் கம்பெனி முதல் மழலையர் பள்ளிக் கம்பெனி வரை ஆளுக்கொரு மேஜை போட்டு, தங்கள் பெயரில் கடை நடத்த ஆள் தேடினால் போதும், கதவு திறக்குமுன் இவர் வாசலில் நிற்பார். இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மேலகரம் கிதிர் முகம்மது என்கிற நானே அந்த இனத்தில் நன்றாக முற்றிய ஆள்தான்.

கண்காட்சியின் முழுப் பயனையும் அடைவது எப்படி என்று என்னைக் கேளுங்கள். முதலில் விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டும். என் கார்டில் 'முதலீட்டாளர்' என்று இருக்கிறது. இதுவரை நான் செய்த முதலீடு அந்தக் கார்டு அடித்ததுதான். அடுத்து, வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போக வேண்டும்; ருசி பார்க்க எல்லா மேஜையிலும் ஏதாவது தருவார்கள். சூப்பு, மசாலா டீ, கடைசியில் ஐஸ்கிரீம் என்று வரிசையாகப் போவது அனுபவஸ்தனுக்கு அடையாளம். பிறகு கைகட்டி நின்று, தலையை லேசாகச் சாய்த்து, "அச்சன்புதூர் வரைக்கும் ஏரியா எங்களுக்கு மட்டும் குடுப்பியளா?" என்று கேட்க வேண்டும். மேஜைக்காரர் பதறிப்போய் நாற்காலி போடுவார். "போட்ட பணம் எத்தன மாசத்துல திரும்பும்?" என்று கேட்டால் பை வரும். பை என்றால் மளிகைக் கடைப் பையா? கம்பெனி பெயர் போட்டு, கைப்பிடி தைத்து, உள்ளே பளபளவென்று ஒரு கையேடும் எழுதாத பேனாவும் வைத்த பை. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற நல்லக்கண்ணு அண்ணாச்சியும் எங்கள் இனம்தான். ஆனால் அவர், "எங்கிருந்து வாறிய? கூட யாரு வந்திருக்கா?" என்று பழைய பழக்கத்தில் விசாரிப்பார். பை கொடுக்கப் பயந்து கம்பெனிக்காரர்கள் மேஜையை விட்டே நகர்ந்துவிடுவார்கள்.

மூன்று வருஷத்தில் எழுபத்துமூன்று பை சேர்த்தேன். கடை? கடை ஒன்றும் இல்லை.

இருக்க வேண்டிய இடம் இருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு அருவியில் குளிக்கப் போகிற கூட்டம் முழுவதும் மேலகரத்தில் என் கடை அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அரபு நாட்டில், தமாமில் பத்தொன்பது வருஷம் சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப்பெட்டி அடுக்கிக் கட்டிய அறை அது. ஊருக்கு வந்து மூன்று சீசன் ஆகியும் ஷட்டர் ஏறவில்லை. என் மனைவி சாஜிதா போன ஏப்ரலில் சத்தம் போடாமல் ஒரு வார்த்தை சொன்னாள்.

"சாரல் விழுறதுக்குள்ள ஷட்டரு ஏறணும். இல்லன்னா நீங்க பிளேன் ஏறுங்க. எந்தம்பி யஹ்யா அங்கன உங்களுக்கு விசா எடுத்து வச்சிக்கிட்டு இருக்கான்."

எனக்குப் போக விருப்பமில்லை. என் மகளுக்கு முதல் பல் விழுந்ததை நான் செல்போனில்தான் பார்த்தேன். இன்னொரு தடவை அப்படி எதையும் செல்போனில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மே மாசம் தென்காசியில ஒரு கண்காட்சி வருது, பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

கண்காட்சியும் வந்தது. சூப்பு, டீ எல்லாம் முறைப்படி முடித்து ஐஸ்கிரீமை நோக்கிப் போகிற வழியில் ஒரு மேஜை என்னை நிறுத்தியது. 'எல்லைச் சுவை' என்று கோயம்புத்தூர்க் கம்பெனி. அபர்ணா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண், "இது ஒரிஜினல் செங்கோட்டை புரோட்டாங்க சார். கம்பெனியோட ரகசிய செய்முறை" என்றாள். வரைபடம் ஒன்றை விரித்து, "செங்கோட்டைன்னு கேரளா பார்டர்ல ஒரு ஊருங்க சார், இங்க இருக்கு பாருங்க" என்று விரலும் வைத்தாள்.

தென்காசியில் ரயிலேறி இடம் பிடித்து உட்காருவதற்குள் வந்துவிடுகிற ஊர் அது. நான் சிரித்திருக்க வேண்டாமா? "அப்படியா, இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டு, எழுதாத பேனாவை உதறி உதறிக் குறிப்பு எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் அவள் சொன்னது வழுவழுப்பான தாளில் அச்சாகி இருந்தது.

"எங்க மாஸ்டரே நேர்ல வந்து பதினஞ்சு நாள் பயிற்சி குடுப்பாருங்க சார்" என்று அவள் பின்னால் கை காட்டினாள். அங்கே கல்லுக்கு முன்னால், ஒரு முழ உயரத்துக்கு வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு புரோட்டா வீசிக்கொண்டிருந்தவர் திரும்பினார். எங்கள் பின்தெரு உச்சிமாகாளி. வாரத்தில் மூன்று நாள் நான் தின்பது அவர் வீசுகிற புரோட்டாவைத்தான்.

"ஏ பாய், நீங்களா! இங்கன என்ன செய்யுதிய?"

"ஃபிரான்சைஸ் பாக்கேன். நீரு?"

"ரெண்டு நாள் வேலைன்னு கூட்டியாந்தாவ. இந்தத் தொப்பியப் போட்டு நெத்தியெல்லாம் அரிக்கி." கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். "பாய், உங்க ரூமு சும்மாத்தான கெடக்கு? கல்லு எங்கிட்ட இருக்கு. சேந்து போட்ருவமா? சீசன் கூட்டம் நம்ம வாசல்லதான போவுது."

இதைவிட நல்ல யோசனை மூன்று வருஷத்தில் எந்த மேஜையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்" என்று என் கார்டை நீட்டினேன். சின்ன வயசிலிருந்தே தெரிந்த மனிதருக்கு விசிட்டிங் கார்டு! அவர் அதைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். கம்பெனிக் கடை படுத்துவிட்டால் கம்பெனியைத் திட்டிக்கொள்ளலாம். உச்சிமாகாளியோடு போட்ட கடை படுத்தால் யாரைத் திட்டுவது? ஃபிரான்சைஸ் பார்க்கப் போகிறவன் தேடுவது கடையை அல்ல, பழியைப் போட ஓர் ஆளை. அந்த ஆள் கிடைக்கிறவரை பார்த்துக்கொண்டே இருப்பான்.

வீட்டில் இதை ஒரு வேடிக்கை போலச் சாஜிதாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உச்சிமாகாளி நம்பர் இருக்கா?"

என்னிடம் கம்பெனிக்காரர்கள் கொடுத்த நூற்றி நாற்பது விசிட்டிங் கார்டு இருந்தது. உச்சிமாகாளி நம்பர் இல்லை. அவள் துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்தெருவுக்கு நடந்தாள். திரும்பி வந்து யஹ்யாவுக்கு போன் போட்டு, "அந்த விசாவ வேற யாருக்காவது குடுத்துரு" என்றாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாரல் விழுந்த அன்று காலை ஷட்டர் ஏறியது. துருப்பிடித்த ஷட்டர்; அதைத் தள்ளித் தூக்கியது மட்டும் நான்தான்.

பெயர்ப்பலகைகூட இன்னும் மாட்டவில்லை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள் பலகையைப் பார்த்தா வருகிறார்கள்? உச்சிமாகாளி தொப்பி இல்லாமல் புரோட்டா வீசுகிறார்; நான் இலை போடுகிறேன், தண்ணீர் வைக்கிறேன், பார்சல் கட்டுகிறேன். பார்சலுக்குப் பை? இருக்கவே இருக்கிறதே. மழலையர் பள்ளிப் பையில் சால்னாவும் ரத்தப் பரிசோதனை நிலையத்துப் பையில் புரோட்டாவும் மதுரை வரைக்கும் போயின. மூன்று வருஷ உழைப்பு ஒரே மாதத்தில் தீர்ந்தது.

நேற்று சாஜிதா, "கோயம்புத்தூர்ல ஏதோ கண்காட்சி வருதாமே, போயிட்டு வாங்க" என்றாள். என் காதையே நான் நம்பவில்லை.

"எதுக்கு?"

"பை தீந்து போச்சு."

ஆகவே அடுத்த வாரம் போகிறேன். இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துச் சிரித்த நீங்கள், சிரமம் பாராமல் எழுந்துபோய் உங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தடவை பாருங்கள். என்றோ எங்கோ போய், எதையோ பார்த்து, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வாங்கி வந்த பை அங்கே தொங்கவில்லையா? தொங்கினால் வெட்கப்பட வேண்டாம். நீங்கள் எத்தனை வருஷமாக யோசிக்கிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். குற்றாலம் வரும்போது அதைக் கொண்டுவந்து மேலகரத்தில் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு உபயோகப்படும்.